எழிலரசி டீச்சரின் சோயாக் களிம்பு

வெள்ளிமலைச் சந்தையில் கிழங்கு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் எழிலரசி டீச்சரோடு வேலை பார்க்கும் பெண். "டீச்சர் எறந்துட்டாங்க பெரியம்மா. நெஞ்சு வலி." கிழங்கை விட்டுவிட்டு நடந்தேன். பாதி வழியில்தான் பையையும் விட்டுவிட்டது தெரிந்தது.

எனக்கு எழுதத் தெரியாது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

போன வருஷம் ஆடு துரத்தப் போய்ப் பாறையில் விழுந்தேன். ஆடு என்னுடையதுகூட இல்லை, தங்கச்சியுடையது, அது தனிக்கதை. இரண்டு முழங்காலும் சிராய்த்து, மாதம் ஒன்றாகியும் ஆறவில்லை. அப்படிப் புண்ணோடு இருக்கும் வயதான பெண்களைத் தேடி மலையேறி வந்த டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாசாமாசம் வர்ற தூரம் நின்னப்புறம் பொம்பள ஒடம்புல ஒரு சத்து கம்மியாயிடுது பெரியம்மா. அதான் தோலு ஆற நாளாவுது. அதே ஜாடையில ஒண்ணு சோயாவுல கீது. அதப் பூசுனா ஆறுதான்னு பாக்கறேன்."

"அப்ப தோலுகிட்ட பொய் சொல்றீங்களா?"

"பொய் இல்ல, ஆள்மாறாட்டம்!" அவர் சிரித்தால் ஊருக்கே கேட்கும்.

இரண்டு டப்பா கொடுத்தார். சிவப்பு மூடி சோயாக் களிம்பு, வலது காலுக்கு. நீல மூடி வெறும் களிம்பு, இடது காலுக்கு. "மாத்திடாதீங்க. எந்தக் காலு முந்துதுன்னுதான் பாக்கணும்."

நான் மாற்றவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மஞ்சளானாலும் மருந்தானாலும் ஒரு காலுக்கு மட்டும் பூச மாட்டோம், ஆகாது. இரண்டையும் கொட்டாங்கச்சியில் குழைத்து இரண்டு காலுக்கும் பூசினேன். டப்பாக்கள் சமமாகக் குறைந்தன. வாரம் தவறாமல் வந்து அளவெடுத்த டீச்சருக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டு காலும் ஒன்றாக ஆறின. டீச்சர் முகம்தான் வாடிப்போனது.

"இன்னா டீச்சர், ஆறிப்போச்சே, சந்தோசப்படாம?"

"வெறும் களிம்புக்கும் இதே மாரி ஆறுதே பெரியம்மா. அப்ப சோயா ஒண்ணும் பண்ணல. சரி, பண்ணலன்னு தெரிஞ்சிக்கிறதும் வேலதான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். திட்டுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன். அவர் நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதியதை அடித்துவிடுங்கள்.

அவர் கொடுத்ததாக என்னிடம் இருப்பவை ஆறிய இந்த இரண்டு கால்கள். சோயாவால் ஆறினவா, தானாக ஆறினவா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மலையேறி வந்தவருக்கும் நான் தெரியவிடவில்லை.