சொல்தாவின் ரிவால்வர்

எழுபதுகளின் நடுவில், சரியாகப் பழுது பார்த்து முடித்திருந்த ஒரு ரிவால்வரை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்தேன். ஊர் கூடியிருக்கும் கடற்கரையில் ஒரு கிழவரைத் தலைகுனிய வைப்பதற்காகச் செய்தேன். கை தவறிவிட்டது என்று சொல்ல வழியில்லை.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம்; நேரில் பேசும்போது, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே. அவருடைய மகளும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். மில் தொழிலாளியான என் அப்பா பெண் கேட்கப் போனார். சொல்தா அவரைக் கதவுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியே பேசினார். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, அவர்கள் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடாத வூட்டுக்கு எம் பொண்ணு வராது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அவள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் போனாள். அவளைக்கூட நான் மறந்துவிட்டேன். அப்பா அந்தக் கதவின் முன் நின்றதை மறக்க முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவரே பட்டறைக்கு வந்தார். அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. குருசுக்குப்பத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கட்டுமரப் பந்தயத்தை, வெற்றுத் தோட்டா சுட்டுத் தொடங்கி வைப்பவர் அவர்தான். சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருவார். பட்டாளத்து மரியாதையில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாள்தான். முந்தின ஆண்டு கையை உயர்த்துவதற்குள் வெடித்து, பாதிக் கட்டுமரங்கள் முன்னதாகக் கிளம்பி, அடிதடியாகிவிட்டது. எப்போதோ யாரோ உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை, அந்த எஃகு வில்லை, அராவி மெலிதாக்கியிருந்தார்கள். விரல் பட்டாலே டிரிக்கர் விசை விழுந்தது. கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்தபடி ஆக்கிக் கொடு என்றார்.

நியாயமாகத்தான் செய்தேன். ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சொல்லிப் புது வில் செய்து வாங்கினேன். விசையில் கம்பி மாட்டி, எடைக்கல் தொங்கவிட்டு, எந்தக் கல்லுக்கு விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்தேன். தோட்டா இல்லாமல் அவரே இழுத்துப் பார்த்தார். வாதத்தில் கோணிய விரல். சிரமப்பட்டாலும் இழுத்துவிட்டார்.

"நல்ல கைடா உனுக்கு. ஒங்கப்பன் இன்னா பண்றாரு?"

"மில்லுல இருந்தாரு, முசியே."

"மில்லு ஆளா? ஒரு கையெழுத்துப் போட துப்பில்லாம கெட்டவனுங்க."

துடைத்து எண்ணெய் போட்டு வை, பந்தயத்தன்று வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். நான் மறுபடி பிரித்தேன். அந்த விரலால் எவ்வளவு இழுக்க முடியும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதற்கு மிஞ்சிய தடித்த வில் ஒன்றை வைத்து மூடினேன். அத்தனை மனநிறைவோடு நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

பந்தயத்தன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றேன். அவர் பார்க்கத்தானே இதெல்லாம். சொல்தா கையை உயர்த்தினார். விசை அசையவில்லை. மறுபடி இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பதக்கங்கள் குலுங்கின. தண்ணீரில் மரங்களைப் பிடித்தபடி நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"சொல்தா, வாயால டமால்னு சொல்லிடு, நாங்க போறோம்" என்றான் ஒருவன்.

கரை முழுக்கச் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில் யாரோ தகரத்தைத் தட்ட, மரங்கள் கிளம்பின. அப்பா சிரிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது நானே பெருமையாகச் சொன்னேன், இது என் வேலை என்று. அவர் நடப்பதை நிறுத்தவில்லை.

"என்னிய அவரு நிக்க வச்சப்போ தெருவுல யாரும் இல்ல. இன்னிக்கி அவர ஊரே பாத்துச்சி" என்றார். அதற்குப் பிறகு பல நாட்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மறுவாரம் சொல்தாவின் வீட்டுக்குப் போய், நான் யார் மகன் என்பதையும் செய்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை செத்துப் போச்சின்னு இருந்தேன்" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா? கரையில போய் சொல்லு."

ரிவால்வரை வாங்கி வந்து, முதலில் செய்து வாங்கிய வில்லையே வைத்து, கல் தொங்கவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். குப்பத்துக்குப் போய்ப் பந்தயக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பெரிசு எவ்வளவு கொடுத்து அனுப்பினார் என்று கேட்டார்கள். தன் மானத்தைக் காப்பாற்றச் சொல்தா ஒரு மெக்கானிக்கைப் பொய் சொல்ல அனுப்பினார் என்ற கதை, அவர் கடற்கரையில் நின்ற கதையைவிட வேகமாகப் பரவியது.

அடுத்த ஆண்டு விசில் ஊதித் தொடங்கினார்கள். அதற்கு முன்பே அவர் ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார். வாங்கி வைத்த காவலர் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தபோது, டிரிக்கர் நன்றாகத்தானே இருக்கிறது, கிழவர் ஏன் கொடுத்துவிட்டார் என்று என்னிடம் கேட்டார்.