பிரசாதத்தில் இருந்த உப்பு

1981-ம் வருஷம். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி ஜங்ஷனுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நான் டிரைவர். வயது நாற்பத்திரண்டு. சளி, காய்ச்சல் என்றுகூட லீவு போடாதவன் என்று டிப்போவில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அந்தத் திமிரோடுதான் வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகம் மாறியது. பிரஷர் அதிகம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்க வேண்டும், பீடியை விட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். இரண்டு மாதம் கழித்தும் இப்படியே இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டேன், டிப்போவுக்குள் வேறு வேலைதான் என்றும் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

பீடியை அன்றே விட்டேன். டூட்டி முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவிரிப் பாலம் வழியாக, அம்மாமண்டபத்துப் பக்கம் இருந்த என் வீடு வரை நடந்தே போனேன். எதிரே வரும் பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கேலி செய்வார்கள். வீட்டில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் நின்றுபோனது. என் மனைவி தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளாமல், உப்புக் குறைத்த அதே குழம்பைத்தான் தானும் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, பொறுக்க முடியாமல் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினேன். பிரஷர் பேருக்குத்தான் இறங்கியிருந்தது. நேராக வீட்டுக்கு வந்து கத்தினேன். பாவம் பார்த்து எனக்குத் தெரியாமல் உப்பை அள்ளிப் போடுகிறாய், என் வேலைக்கே உலை வைக்கிறாய் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள். அழுவதே தப்புச் செய்ததற்கு அத்தாட்சி என்று நான் முடிவுகட்டினேன்.

காலை முதல் டிரிப்பில், பெருமாளைச் சேவித்துவிட்டு ஏறுகிறவர்கள் டிரைவருக்கும் கொஞ்சம் பிரசாதம் கொடுப்பது வழக்கம். ஒருவர் புளியோதரை கொடுப்பார், இன்னொருவர் வடை கொடுப்பார். அந்த வாரத்தில் ஒருநாள் பஸ் கிளம்பும் முன்பே இரண்டு பொட்டலம் புளியோதரையை முடித்துவிட்டு மூன்றாவதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தினமும் முன் சீட்டில் வரும் ஒரு நர்ஸம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கிறிஸ்தவர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். என் பிரஷர் புராணத்தையும், மனைவியைப் பற்றிய குறையையும் அவரிடம் முந்தின நாள்தான் கொட்டியிருந்தேன்.

"அண்ணே, வீட்டுல உப்பை அள்ளிப் போடறாங்கன்னு சொன்னீங்களே. இதுல உப்பு இல்லையாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "இது பெருமாள் பிரசாதம்ங்க. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது" என்று எடுத்தெறிந்து பேசினேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க கோயில்லயும் பூசையில அப்பம் கொடுப்பாங்கண்ணே. சின்னதா ஒரு வில்லைதான். பசிக்கு யாரும் அதை வாங்கறதில்ல" என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். ஜங்ஷன் போய்ச் சேரும் வரை அந்தப் பேச்சு என்னை விடவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது பிரசாதத்தைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. மறைத்தேன் என்று இல்லை. அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றியதில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் நாக்கு ருசி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், "தப்பு என் மேலதான்" என்று மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. காய்ச்சலோ என்று அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள், அப்புறம் மறுபடியும் அழுதாள். அடுத்த நாள் காலையில் நர்ஸம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து யார் பிரசாதம் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு, மீதியைக் கண்டக்டரிடம் நீட்டிவிடுவேன். அந்த மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்தே போனார்.

இரண்டு மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ஒரு தடவை காற்றடித்தார். நம்பாமல் அடுத்த கையிலும் அடித்தார். பழைய சீட்டை எடுத்து, அது என்னுடையதுதானா என்று பேரைச் சரிபார்த்தார். பிறகு, "போய் வண்டியை எடுங்க" என்றார். அன்று பஸ்ஸைப் பாலத்தில் ஏற்றியபோது, எதிரே வந்த ஒரு டிரைவரைக்கூட விடாமல் ஹாரன் அடித்தேன்.

ரிட்டயர் ஆகும் வரை எந்தப் பரிசோதனையிலும் என்னை யாரும் நிறுத்தவில்லை. கடைசி நாள் வரை ஸ்டியரிங் பிடித்த கை இது என்று இப்போதும் பெருமை அடித்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கையை ஸ்டியரிங்கில் நிற்க வைத்தவர்கள், நான் அழ வைத்த ஒருத்தியும், நான் எடுத்தெறிந்து பேசிய பிறகும் எனக்கு நல்லது சொன்ன ஒருத்தரும்தான்.