கௌரவமான கல்

சிறுநீரை அடக்க முடியாமல் மூத்திரப்பையில் ஊசி போட்டுக்கொண்டதை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது என் கணவரின் உத்தரவு. "கிட்னியில கல்லுன்னு சொல்லிருவோம். அதுன்னா ஒரு கௌரவமா இருக்கும்" என்றார். சிம்மக்கல்லில் பஸ் ஏறி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் நடுவழியில் இரண்டு தடவை இறங்கி ஓடுகிறவளுக்கு என்ன கௌரவம் மிச்சம் இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

டாக்டர் உள்ளே குழாயை விட்டு, பையின் சுவரில் இருபது இடத்தில் குத்தினார். பலன் தெரியப் பத்து நாளாவது ஆகும் என்றார். அந்தப் பத்து நாளில்தான் சொந்தபந்தம் மொத்தமும் கல்லை நலம் விசாரிக்க வந்தது. கல் என்றால் கரைக்க வேண்டுமே! செல்லூர்ச் சித்தி வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்லித் தண்ணீர் காய்ச்சினாள். கொடுத்துவிட்டுப் போனாலாவது தேவலை. குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பதுதான் இங்கே பாசம். குடித்தேன், ஓடினேன், திரும்பி வந்து மறுபடி குடித்தேன். கௌரவத்தைக் காப்பாற்றியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கொட்டாம்பட்டியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். "அம்புட்டையும் குடிச்சா, கல்லு தானா விழுந்துரும்" என்று ஒரு சொம்பு இளநீரை என் கையில் திணித்தார். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அவரே மூன்று தடவை எங்கள் பாத்ரூமுக்கு ஓடினார். கிளம்பும்போது வாசலில் என் காதருகே குனிந்தார்.

"எனக்கும் மூணு வருசமா உன் கல்லுதான். எந்த டாக்டரு? என் தம்பிகிட்டச் சொல்லிராத, கௌரவம் போயிரும்."