மூலையில் நின்ற சதுரம்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டித் தரும்வரை காத்து நின்றபோது கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. என்னோடு கணிதம் படிப்பிக்கும் நவாஸ் சேர் வபாத்தாகிவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். திங்கட்கிழமை எங்கள் வழக்கைத் தீர்ப்பதாக இருந்தோம். அதற்குள் மனிதர் நழுவிவிட்டார்.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் எங்களோடு ஒரே ஆசிரியர் ஓய்வறையில் இருந்தவர்களுக்கு அந்த வழக்குத் தெரியும். தரம் ஆறு தவணைப் பரீட்சைத் தாளை நானும் அவரும் சேர்ந்துதான் தயாரித்தோம். நான் நேராக வரைந்த சதுரத்தை, அச்சுக்குப் போகுமுன் அவர் சரித்து, அதன் ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டார். அந்த உருவத்தின் பெயரையும் கோணங்களின் வகையையும் எழுத வேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் சாய்சதுரம் என்றார்கள். இரண்டு கூர்ங்கோணம், இரண்டு விரிகோணம் என்றும் கூசாமல் எழுதினார்கள். எங்கள் பாடசாலையில் தவணைப் புள்ளியை வைத்துத்தான் அடுத்த வருட வகுப்பைப் பிரிப்பார்கள். இந்த ஒரு வினாவால் சில பிள்ளைகள் கடைசி வகுப்புக்குப் போகவிருந்தார்கள்.

வினாவை நீக்குவோம் என்றேன். மாட்டவே மாட்டேன் என்றார்.

"தலைகீழா நிண்டாலும் செங்கோணம் செங்கோணம்தான் டீச்சர். புள்ளைகளுக்குத் தாளைத் திருப்பிப் பார்க்க ஏலாதா?"

அதிபர், நீங்களே பேசி முடியுங்கள் என்று கைகழுவிவிட்டார்.

அவரோடு பேசி முடிப்பதா! தேநீர் இடைவேளையில் மீன் அடைத்த மாலுபாணைக்கூட நிம்மதியாகச் சாப்பிட விடாதவர் அவர். முக்கோணியாக இருப்பதைத் தூக்கிக் காட்டி, மூன்றும் கூர்ங்கோணம் என்பார். ஒரு நுனியைக் கடித்துவிட்டு, இப்போது இரண்டு விரிகோணம் வந்துவிட்டது, பாருங்கள் என்பார். வாயில் மீனோடுதான் இந்தப் பாடம். கரும்பலகையில் ஒரு முக்கோணியையாவது அடி நேராக வரைந்திருப்பாரா? அவருக்குப் பின் வகுப்புக்குப் போனால் எனக்குக் கழுத்து நோகும்.

ஜனாஸா வீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சோறு தின்னக்குள்ளயும் உங்களோடதான் வாதாடுவாரு டீச்சர்" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

திங்கட்கிழமை அந்த வினாவை நான் நீக்கியிருக்கலாம். தடுக்க ஆளில்லை. அதனாலேயே கை வரவில்லை. வினாத்தாளை வகுப்புக்குக் கொண்டுபோய், சாய்சதுரம் என்று எழுதிய ஒரு பிள்ளையிடம் நீட்டினேன். அவள் வாங்கிய கையோடு தாளைத் திருப்பினாள்.

"சதுரம் டீச்சர். நாலும் செங்கோணம்."

"அண்டைக்கு ஏன் திருப்பிப் பார்க்கேல்லை?"

"திருப்பினா, பக்கத்தில இருக்கிறவைக்குக் காட்டுறம் எண்டு பேசுவீங்களே."

உண்மைதான். எங்கள் பரீட்சை மண்டபத்தில் தாள் கொஞ்சம் அசைந்தாலே அதட்டல் விழும். அந்த வினாவை மட்டும் எல்லோருக்கும் மறுபடி கொடுத்தேன். இம்முறை அந்த வினாவால் யாரும் கடைசி வகுப்புக்குப் போகவில்லை.

பிள்ளைகளால் ஏலும் சேர். நாங்கள்தான் விடவில்லை. இதைச் சொல்ல ஓய்வறைக்கு ஓடினேன். அவருடைய கதிரை காலியாக இருந்தது. வாழ்நாளில் ஒரேயொரு தடவை அவரை மடக்க எனக்குப் பதில் கிடைத்தது, கேட்க ஆளில்லை. இப்படியும் ஒரு மனிதர்!

அந்தச் சதுரத்தை நான் வைத்துக்கொண்டேன். அடுத்த தவணைத் தாளிலும் அது மூலையில்தான் நிற்கும். அதன் மேல் ஒரு வரி மட்டும் என்னுடையது: தாளைத் திருப்பிப் பார்க்கலாம்.