ஒரே படத்தில் மாமியும் மருமகனும்

காலிதீனுக்குத் தன் அழகில் இருந்த நம்பிக்கையில் கால்வாசி அவன் ஓட்டிய உழவு மெசினின் பிரேக்கில் இருந்திருந்தால், சம்மாந்துறைப் பக்கத்தில் எத்தனையோ வேலிகள் தப்பியிருக்கும். உழவு மெசினுக்குப் பக்கக் கண்ணாடி கிடையாது. இவன் தானே ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டான். பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கல்ல.

கல்முனையில் எங்கள் தெருவுக்கு அவன் மாப்பிள்ளையாக வந்து அப்போது பதினொரு வருடம். எங்கள் பக்கத்தில் பெண் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ஆகவே ஹாஜறாவைக் கட்டிய காலிதீன், ஹாஜறாவின் உம்மா சபியா உம்மாவோடு ஒரே கூரையின் கீழ்தான் இருந்தான். இருந்தானே தவிர, மாமியின் முகத்தைக் கண்டதில்லை. மருமகன் முன்னால் மாமி முகம் காட்டுவது மரியாதை இல்லை என்பது வழக்கம். மற்ற வீடுகளில் இந்த வழக்கம் பேரப்பிள்ளை பிறந்ததும் கொஞ்சம் இளகிவிடும். சபியா உம்மா இளகுகிற ஆள் இல்லை. காலிதீன் வாசல் கடப்படியில் நின்று இரண்டு தரம் இருமுவான். அவர் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் மறைவார். இப்படி நாளுக்கு ஏழெட்டு முறை இருமியதில், புதிதாக வந்த அப்போதிக்கரி அவனுக்குச் சயரோகம் என்று முடிவுகட்டி ஆறு போத்தல் மருந்து கொடுத்தார்.

ஒருமுறை சம்மாந்துறையிலிருந்து வந்த பஸ்ஸில், முகம் மூடிய ஒரு வயதான பெண்ணுக்கு எழும்பி இடம் கொடுத்தான் காலிதீன். கொடுத்த கையோடு, மாவடிப்பள்ளி தாண்டும்வரை தன் மாமியின் மீன் ஆணத்தைப் பற்றிக் கதைத்தபடியே வந்தான். புளி கூடிப்போகிறது, சொல்லவும் வழியில்லை, பல்லெல்லாம் கூசுகிறது என்றான். அந்தப் பெண் ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கல்முனைச் சந்தையில் இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து ஆணத்தில் புளி அளவாக இருந்தது. அல்லாஹ் தன் துஆவைக் கேட்டுவிட்டான் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

எண்பதாம் ஆண்டு நோன்புக்குச் சற்று முன், சவூதியில் லொறி ஓட்டிய ஹாஜறாவின் தம்பி நூஹுவிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு கட்டுத் துணியும் வந்தன. கடிதத்தை ஹாஜறா உரக்க வாசித்தாள்.

‘ராத்தா, பெருநாளைக்கு எல்லாரும் கடற்கரைக்குப் போய் ஒரே படத்தில நில்லுங்க. மச்சானும் நிக்கோணும். பின்னால கடல் தெரியட்டும். இஞ்ச மணலப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போச்சு.’

அதற்குக் கீழே இருந்த இரண்டு வரியை அவள் வாசிக்கவில்லை. சபியா உம்மாவுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் ஒட்டியது. எழுபத்தெட்டுச் சூறாவளித் தண்ணீரில் அது ஊறிப் போய், அதில் இருப்பது சபியா உம்மாவா பூசணிக்காயா என்று ஹாஜறாவாலேயே சொல்ல முடியாது. அந்த இரண்டு வரியை மடித்து வைத்துக்கொண்டு, எப்படியும் உம்மாவின் முகத்தைத் தம்பிக்கு அனுப்புவதென்று அவள் முடிவெடுத்தாள்.

துணி முழுவதும் ஒரே துணி. மஞ்சளில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ. நோன்போடு நோன்பாக ஹாஜறா அதை வெட்டித் தைத்தாள். மகள் கமீலாவுக்குச் சட்டை, தனக்கும் உம்மாவுக்கும் மேற்சட்டை, காலிதீனுக்கு நீட்டுக் கொலர் வைத்த சேட். மிச்சத்தில் யன்னலுக்குத் திரை. பெருநாளன்று நாலு பேரும் யன்னலருகே நின்றால் யார் மனுசர், எது திரை என்று கண்டுபிடிக்க நேரமெடுக்கும்.

காலிதீன் முப்பது நோன்பும் மீசையை வளர்த்தான். கறுப்புக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கினான். முன்பல் விழுந்திருந்த எட்டு வயதுக் கமீலாவுக்கு வாயை மூடிச் சிரிக்கப் பழக்கினான்.

“வாப்பா, வாய மூடினா சிரிப்பு எப்பிடித் தெரியும்?”

“கண்ணால சிரி. என்னப் பாரு.”

“நீங்க கறுப்புக் கண்ணாடிதானே போட்டிரிக்கிங்க.”

சபியா உம்மா படத்துக்கு வரச் சம்மதித்தார். மகனுக்காகத் தீயிலும் நடப்பார். ஆனால் மருமகன் பக்கத்தில் நிற்பது பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. ஹாஜறாவிடம் ஒரு திட்டம் இருந்தது: உம்மா ஒரு அந்தம், புருசன் மறு அந்தம், நடுவில் தானும் பிள்ளையும் மதில் மாதிரி.

பெருநாள் அன்று பின்நேரம் கடற்கரையில் பாதிக் கல்முனை நின்றது. பாண்டிருப்பு இராசதுரை கமராவை முக்காலியில் ஏற்றி வைத்து, காலையிலிருந்து பெருநாள் படம் எடுத்துக் களைத்திருந்தார். இவர்கள் முறை வந்தபோது விரலைக் காட்டினார்.

“ஒண்டுதான் இரிக்கு, தங்கச்சி. பிலிம் முடிஞ்சிது. ஆடாம நில்லுங்க.”

நின்றார்கள். இராசதுரை கமராவுக்குள் பார்த்து, தலையை ஆட்டினார்.

“அந்தத்தில நிக்கிற ரெண்டு பேரும் வெளிய போறீங்க. ஒட்டி நில்லுங்க.”

ஒட்டினார்கள். காலிதீன் ஒரு அடி உள்ளே வந்ததும், சபியா உம்மாவின் முக்காடு நாடிவரை இறங்கியது.

“அம்மாட முகம் தெரியல்ல. சீலைதான் தெரியுது.”

“உம்மா, கொஞ்சம் தூக்குங்க.”

“மருமகன் நிக்கிற இடத்தில எப்பிடிப் புள்ள? நான் இப்பிடியே நிக்கிறன். நூஹுக்கு என்ட சீலையத் தெரியும்.”

“அப்ப அவர அங்கால நிக்கச் சொல்லவா?”

“ஊர் நிக்கிற நேரம் மருமகன ஒதுக்கி வெச்சுப் படம் புடிக்கிறயா? நாளைக்கி என்ன கதைப்பாங்க? பேசாம இரி.”

பின்னால் காத்திருந்தவர்கள் புத்தி சொல்லத் தொடங்கினார்கள். குடையைப் பிடிக்கச் சொன்னார் ஒருவர். மருமகனுக்கும் முக்காடு போட்டுவிடச் சொன்னார் இன்னொருவர். மேற்கே வெயில் இறங்க, கமராவின் நிழல் நீண்டு கமீலாவின் செருப்பைத் தொட்டது.

“வெளிச்சம் போகுது, தங்கச்சி. எடுக்கவா விடவா?”

ஹாஜறா உம்மாவின் காதருகே போனாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். கடல் இரைச்சலில் குரல் உயர்ந்துவிட்டது.

“உம்மா, நான் கடிதத்தில ரெண்டு வரி வாசிக்கல்ல. அவன் என்ன எழுதினான் தெரியுமா? உம்மாட முகம் மறக்கத் தொடங்கிட்டு, கனவில வாறா, முகமில்லாம வாறா எண்டு எழுதினான்.”

முக்காடு அசையவில்லை.

காலிதீன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். முப்பது நாள் வளர்த்த மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு அப்படியே கடல் பக்கம் திரும்பி, கமராவுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“தம்பி, என்ன செய்யிறீங்க? முகம் விழாதே,” என்றார் இராசதுரை.

“நான் படத்தில நிக்கிறன்தானே அண்ணன். நிக்கச் சொல்லித்தான் மச்சான் எழுதினவர்.” கடலைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னான்: “புள்ள, மாமிக்குச் சொல்லு. எனக்குக் கடலப் பார்க்கோணும் போல இரிக்காம். நாளைக்கி விடியும்வரைக்கும் திரும்ப மாட்டனாம்.”

ஹாஜறா சொல்லத் தேவையிருக்கவில்லை. சபியா உம்மா முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக் காதுக்குப் பின்னால் தள்ளினார். வெயில் நேரே முகத்தில் விழுந்தது. தலையைத் திருப்பி, பதினொரு வருடம் உண்ணக் கொடுத்த மருமகனின் முதுகை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு கமராவைப் பார்த்தார். கமீலா பொக்கை வாய் திறந்து சிரித்தாள். இராசதுரை அழுத்தினார்.

இரண்டு மாதத்தில் நூஹுவின் பதில் வந்தது. ‘உம்மாவக் கண்டன். இடது புருவத்துக்கு மேல தழும்பு இரிக்கிறதையே மறந்திட்டன். இப்ப கனவுல முகத்தோடதான் வாறா. அறையில இருக்கிற ஆக்கள் கேக்காங்க, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற ஆளுக்கு உங்களோட என்ன கோபம் எண்டு.’

படத்தின் இன்னொரு பிரதியில் மாமி நின்ற பக்கத்தை ஹாஜறா கத்தரித்து எடுத்துக்கொள்ள, மிச்சத்தைக் காலிதீன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். வயலிலும் தேத்தண்ணிக் கடையிலும் எடுத்துக் காட்டினான். இது நீயில்லை, முதுகை வைத்து என்னத்தைச் சொல்லுவது என்று சிலர் வாதாடினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவன் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஒத்துப்பார்க்கும்படி திரும்பி நின்று காட்டினான்.