தோள் இறங்கிய சட்டை

காந்திபுரம் பார்சல் ஆபீசிலிருந்து கடைக்கு வந்த பாவாடை மூட்டையை இடுக்கிக்கொண்டு மதிவதனி வீட்டுக்குள் நுழைந்தபோது, கொடிக்கயிற்றில் சட்டைகள் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தேய்த்து, சுருக்கம் விழாமல் அவளே மாட்டி வைத்த நாலு சட்டைகள். ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. உள்ளே அம்மாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த நாள் முதல் கேட்ட சத்தமில்லை என்றாலும், சிங்காநல்லூர் லைன் வீட்டுக்கு வந்த நாள் முதல் கேட்ட சத்தம்தான். மூட்டையோடு உள்ளே விரைந்தாள்.

அந்தச் சட்டைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொரியன் ஸ்டைல் என்று இப்போது கோயமுத்தூர்க் கல்லூரிப் பெண்கள் உயிரை விடுகிறார்களே, அந்த வகைச் சட்டைகள். தோள்மேல் நிற்க வேண்டிய தையல் புஜம் வரைக்கும் இறங்கிக் கிடக்கும். கை நீண்டு விரல்களை மூடும். உடம்பு ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். அண்ணன் சட்டையைத் தங்கை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அப்படி இருந்தால்தான் அழகாம். கொரியாக்காரர்கள் சீரியலில் போட்டுக் காட்டினார்கள், இங்கே தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்கள் கடை கடையாகத் தேட ஆரம்பித்தார்கள்.

தேடுகிறவர்களுக்கு வழி சொல்ல மதிவதனியை விட்டால் ஆளில்லை. ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நஃபீசாவின் துணிக்கடையில் அவள் நைட்டிப் பிரிவில் நிற்பவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் சுற்றுவாள். மாலில் பொம்மைக்குப் போட்டிருப்பதை நின்று பார்ப்பாள். கிராஸ்கட் ரோட்டில் விசாரிப்பாள். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய துணிக் குவியலுக்குள் இறங்கினால், கைப்பை நிறையாமல் கரை ஏற மாட்டாள். இதையெல்லாம் பார்த்துத்தான் நஃபீசா, கடையின் மாடியைக் கொரியன் துணிக்கு என்று ஒதுக்கினாள். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை திறப்பு அன்றைக்கு வரும் பெண்கள் மாடியை ஏற்றுக்கொண்டால், அந்த மாடி மதிவதனியின் பொறுப்பு. இல்லையென்றால் மாடி முழுக்க நைட்டி, அவளும் பழையபடி நைட்டி.

திறப்புக்கு என்று கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படம் போட்டு விளம்பரம் செய்தது இந்த நாலு சட்டைகளைத்தான். கடையின் இஸ்திரிப் பெட்டி கறை விடுகிறது என்று அவள்தான் வீட்டுக்கு எடுத்து வந்தாள். அந்தச் சனிக்கிழமைதான் இது.

"அம்மா, கொடியில இருந்த சட்டை எங்கே?"

"எல்லாம் முடிஞ்சுது கண்ணு. இது ஒண்ணுதான் பாக்கி, ஓரம் அடிச்சாப் போதும்" என்றாள் வள்ளியாத்தாள், தலை நிமிராமல். "தொளதொளன்னு கெடந்துச்சு. புடிச்சுத் தெச்சுப்போட்டேன்."

பிடித்துத் தைத்ததோடு நின்றிருந்தால் பிரித்துவிடலாம். மதிவதனி கீழே பார்த்தாள். மிஷின் காலடியில் வெள்ளையும் சந்தன நிறமுமாக நீள நீளத் துண்டுகள் கிடந்தன. தோள், பக்கவாட்டு, கை, எல்லாம் வெட்டப்பட்டிருந்தன.

"வெட்டிப்போட்டியா?"

"வெட்டாம எப்படி நிக்கும்?"

"உன்னைய ஆரு இதைச் செய்யச் சொன்னா? என்ற பொழப்பையே வெட்டிப்போட்டியே அம்மா." அவள் குரல் உடைந்தது. கோபம்தான், அழுகை இல்லை. அழுவதற்கு நேரமில்லை.

வள்ளியாத்தாள் மிஷினை நிறுத்தினாள். மகள் சத்தம் போட்டால் திருப்பிச் சத்தம் போடுகிறவள் அல்ல அவள். கத்திரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நெம்ப நாளாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பெரிய பெரிய சட்டையா மாட்டிக்கிட்டுப் போறே. ஆருதுன்னு கேட்டா, கடை அக்கா குடுத்தாங்கன்னு சொன்னே. அவிய போட்டுக் கழிச்சதுதான? நீதான் இப்பக் கை நெறையச் சம்பாதிக்கறயே. இன்னும் எதுக்குச் சாமி அடுத்தவிய துணி? போட்டுத்தான் ஆகோணும்னா உன்ற அளவுக்காவது இருக்கட்டும்னு தெச்சேன்."

மதிவதனி மூட்டையைக் கீழே இறக்கி வைத்தாள்.

கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் வள்ளியாத்தாளும் புருஷன் ஐயாசாமியும் கூலி வேலை பார்த்தார்கள். அங்கே தீபாவளி வந்தால் பண்ணாடி வீட்டிலிருந்து, அதாவது தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து, பழைய துணி வரும். அந்த வீட்டுப் பையன்கள் போட்டு முடித்த சட்டைகள் மதிவதனிக்கு. பையன்கள் பால் குடித்து வளர்ந்தவர்கள், இவள் ஈர்க்குச்சி. சட்டை முழங்கால் வரை தொங்கும். வெட்டிச் சின்னதாக்கிவிடலாம்தானே என்று கேட்பீர்கள். கூடாது. "நல்ல துணி வள்ளி, வெட்டிக் கெடுத்துப்போடாதே, அடுத்த புள்ளைக்கு ஆகும்" என்று பண்ணாடிச்சி சொல்லித்தான் கொடுப்பாள். கொடுத்ததோடு விடவும் மாட்டாள். பிள்ளை வாசலைக் கடக்கும்போது சட்டை முழுசாக இருக்கிறதா என்று கண்ணால் அளப்பாள். கொடுத்த பிறகும் அது அவர்கள் துணிதான்.

ஆகவே வள்ளியாத்தாள் தினம் காலையில் ஊக்குப் போடுவாள். முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து உள்ளுக்குள் ஓர் ஊக்கு. கையை உள்பக்கமாக இரண்டு மடி. முன்னால் ஒரு பக்கத்தை மட்டும் பாவாடைக்குள் செருகி, மறுபக்கத்தைத் தொங்க விடுவாள், கிழிசல் பாவாடையை மறைக்க. காத்தடிச்சாப் பறந்துபோயிருவே என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஐயாசாமி செத்த பிறகு தாயும் மகளும் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தபோது வள்ளியாத்தாள் முதலில் கற்றது தையல்தான்.

இதெல்லாம் மதிவதனிக்கு மறந்தா போகும்? ஆனால் நினைத்து உருகுவதற்கான வேளை அது இல்லை. "இது புதுசும்மா. ஆரும் போட்டதில்லை" என்று மட்டும் சொன்னாள். வள்ளியாத்தாளின் முகம் போன போக்கைப் பார்க்காமல், நாலு சட்டைகளையும் மூட்டையையும் வாரிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

திருச்சி ரோட்டில் பஸ் ஊர்ந்தது. சுங்கத்தில் நின்றே விட்டது. பதினொரு மணிக்குத் திறப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று மனது அடித்துக்கொண்டது. அம்மா மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் மேலேயே ஒரு கோபம் வந்தது. சட்டை கடைச் சரக்கு என்று ஒரு வார்த்தை வீட்டில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? தொளதொளச் சட்டைக்கு மவுசு வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல அவளுக்கு என்னவோ கூச்சமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

நஃபீசா சத்தம் போடவில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கோட்டைமேட்டில் மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம். துணியைத் தொட்டாலே அவளுக்குப் பாதி தெரியும்.

"தையல் சுத்தமா இருக்குது" என்றாள். "ஆனா இதை நான் மாடியில வெக்க முடியாது மதி. படத்துல பார்த்துட்டு வர்ற புள்ளைங்க என்னைய ஏமாத்துக்காரின்னு சொல்லிரும். கடை ஆளைக் கூப்பிட்டு நைட்டியை மேல ஏத்தச் சொல்லட்டுமா?"

"அரை மணி நேரம் குடுங்கக்கா."

"அரை மணியில கொரியாவுக்கா போயிட்டு வருவே?"

மதிவதனி பக்கத்துச் சந்துக்கு ஓடினாள். அங்கே அப்துல் மஜீத்தின் கடை, ஊரிலுள்ள பெருத்த ஆண்களின் அடைக்கலம். வேறெங்கும் சட்டை கிடைக்காத தொந்திகளுக்கு அங்கே கிடைக்கும்.

"பெரிய சைஸ்ல கோடில்லாத சட்டை நாலு வேணுங்க பாய். வெள்ளை ரெண்டு, சந்தனக் கலர் ரெண்டு."

"அப்பாவுக்காம்மா?"

"எனக்குங்க. நஃபீசாக்கா கடைக் கணக்குல போட்டுக்கங்க."

அப்துல் மஜீத் அவளை மேலும் கீழும் பார்த்தார். உலகம் போகிற போக்கு என்று நினைத்திருப்பார். எடுத்துக் கொடுத்தார்.

மாடிக் கண்ணாடி முன் நின்று ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது அவளுக்கு உள்ளதும் போச்சு என்று ஆகிவிட்டது. தோள் இறங்கியது உண்மை. ஆனால் மீதிச் சட்டையும் சேர்ந்து இறங்கி, நாலு பக்கமும் உப்பி நின்றது.

"கல்யாணப் பந்தலாட்டம் இருக்குது" என்றாள் நஃபீசா. கீழே கதவுப் பக்கம் பெண் குரல்கள் கேட்க ஆரம்பித்திருந்தன. "விடு மதி. நான் கீழ போயிப் பேசி அனுப்பறேன்."

மதிவதனியின் கை அப்போது தானாக முதுகுக்குப் போனது. துணியைக் கொத்தாகப் பிடித்தது. மேஜைமேல் கிடந்த ஊக்கை எடுத்து உள்பக்கமாகக் குத்தினாள். கையை உள்ளுக்குள் இரண்டு மடித்தாள். முன்னால் ஒரு பக்கத்தைச் செருகி, மறுபக்கத்தைத் தொங்க விட்டாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே நின்றது கொரியாக்காரி இல்லை. பண்ணாடி வீட்டு வாசலைத் தலை குனிந்து கடந்துபோன பிள்ளை. அப்படியே கழற்றி எறிந்துவிடலாமா என்று இருந்தது.

நஃபீசா அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். பிறகு மற்ற மூன்று சட்டைகளையும் பொம்மைகள் பக்கம் நகர்த்தி, ஊக்கு டப்பாவை அவள் கையில் வைத்தாள்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். பெண்கள் மாடியேறி வந்தபோது அங்கே நின்றவளில் ஆடை பாதி சரியாக இருந்தது, ஆள் பாதி நடுங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பொம்மையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களில் மோகனப்பிரியா என்று ஒருத்தி, முன்முடியில் செம்பட்டைச் சாயம் பூசியவள், பொம்மையின் சட்டைப் பொத்தானையே உற்றுப் பார்த்தாள்.

"இது ஆம்பளைங்க சட்டைதானுங்களே அக்கா? பொத்தான் வலது பக்கம் இருக்குது. நீங்க போட்ட படத்துல இருந்தது இது இல்லைங்க."

நஃபீசாவின் கை கல்லாச் சாவியைப் பிடித்தபடி நின்றது. மதிவதனிக்கு ஒரு பொய் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"இல்லைங்க. அந்தச் சட்டை கெட்டுப்போச்சுங்க. இது ஆம்பளை சட்டைதான்" என்றாள். "நீங்க மாலுக்குப் போனாலுஞ்சரி, காதர்பேட்டைக்குப் போனாலுஞ்சரி, தோள் எறங்கோணும்னா பெருசுதான் எடுக்கோணும். எடுத்து அப்படியே மாட்டுனா பந்தல். எங்க புடிக்கோணும், எங்க உடோணும்னு தெரிஞ்சாத்தான் ஸ்டைல்." திரும்பி நின்று, முதுகுத் துணியின் மடிப்பை விலக்கி உள்ளேயிருந்த ஊக்கை அவர்களுக்குக் காட்டினாள். வாழ்நாளெல்லாம் மறைத்த ஊக்கை அவள் தன் கையாலேயே காட்டிக்கொடுத்தது அன்றுதான்.

"அட, இதை ஆருங்கக்கா சொல்லிக்குடுத்தாங்க? சீரியல் பார்த்தா?"

மதிவதனி திரும்பினாள். மாடிப்படியின் கடைசிப் படியில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. மகள் சாப்பிடாமல் ஓடியதால் அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். மகள் முதுகைக் காட்டியபோது அவளும் அந்த ஊக்கைப் பார்த்துவிட்டாள். யார் கண்ணிலும் படாமல் அவள் வருஷக்கணக்கில் ஒளித்த சங்கதியை மகள் இத்தனை பேருக்கு நடுவில் விரித்து வைத்திருக்கிறாள். வள்ளியாத்தாள் ஒரு படி பின்னால் இறங்கினாள்.

"எங்கம்மாதாங்க" என்றாள் மதிவதனி, படியைப் பார்த்துக்கொண்டே. "அதோ நிக்கறாங்க."

எல்லாரும் திரும்பினார்கள். வள்ளியாத்தாளுக்கு ஓடவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை. மோகனப்பிரியா ஒரு சட்டையை எடுத்துச் சுடிதார்மேலேயே மாட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"ஆன்ட்டி, எனக்கும் குத்தி உடுங்களேன்."

வள்ளியாத்தாள் மகளைப் பார்த்தாள். "வெட்டட்டுமா கண்ணு?" என்று சன்னமாகக் கேட்டாள்.

"வெட்டாதம்மா. ஊக்கு மட்டும் போதும்."

தூக்கைக் கீழே வைத்தாள். துணியைக் கொத்தாகப் பிடித்து, உள்பக்கமாக ஊக்கைக் குத்தினாள். அந்தப் பெண் கண்ணாடிக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். நஃபீசா சஹீர் என்கிற கடை ஆளைக் கூப்பிட்டு, அப்துல் மஜீத் கடையில் இருக்கிற பெரிய சட்டையையெல்லாம் அள்ளிவரச் சொன்னாள்.

சாயங்காலம் மாடி ஓய்ந்தது. "மாடி உன்னுது மதி. நைட்டி கீழேயே கெடக்கட்டும்" என்றாள் நஃபீசா. பிறகு வெட்டுப்பட்ட நாலு சட்டைகளையும் எடுத்து வந்தாள். "இதை இனி ஆரு போடுவா? நீயே கொண்டு போ."

மதிவதனி ட்ரையல் ரூமுக்குள் போய், ஊக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, சந்தன நிறச் சட்டையைப் போட்டாள். டேப் வைத்து அளக்காத சட்டை. தோள் தையல் தோள் எலும்பின்மேல் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. எங்கும் ஒரு விரல் கூடவில்லை, குறையவில்லை. கொஞ்ச நேரம் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

வெளியே வந்ததும் வள்ளியாத்தாள் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். கை பழக்கத்தில் முதுகுப் பக்கம் போய் ஊக்கைத் தேடியது. மேலும் கீழும் தடவிப் பார்த்தது. ஊக்கு இல்லை. கை அங்கேயே இருந்தது.