மழைக்கு வேறு பெயர்கள்

நோசகேலே அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மழை என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. மாமனார் பெயர் ம்வுலா. எங்கொபோ மலைப்பக்கத்தில் மழைக்கும் அதுதான் சொல். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது; அது ஒளிந்திருக்கும் எந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது. அவர் செத்து மண்ணுக்குள் போய் இருபத்திரண்டு வருடம் ஆன பிறகும் அப்படித்தான்.

நாத்தனார் லிண்டெல்வாவுக்கு அந்தத் தடை கிடையாது. அவள் அவருக்குப் பிறந்த மகள். பதினான்கு வயதில் அவளுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. வானம் கறுத்தால் போதும், புது அண்ணியின் பக்கத்தில் போய் நின்று, காய்கிற துணியை ஏன் எடுக்கிறீர்கள், என்ன வரப்போகிறது என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்பாள். அண்ணி மாட்டிக்கொள்ள மாட்டாள். "கூரை மேல நடக்கிறவர் வர்றாரு" என்பாள். அடுத்த முறை, "ஆட்டுக்குப் பிடிக்காதது." இன்னொரு முறை, "நேத்து மூணு மணி நேரம் பின்னினியே தலை, அதக் கேளு, சொல்லும்." மற்ற வீட்டு மருமகள்கள் ஒரே ஒரு மாற்றுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். நோசகேலே ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று கண்டுபிடித்தாள். வாயைத் திறப்பதற்கு முன் அவள் கண் ஒரு நொடி மேலே போய் வரும். அந்த நொடிக்காகவே லிண்டெல்வா கேட்பாள்.

நாற்பத்தொரு வருடம் போயிற்று. அண்ணன் சுரங்கத்திலிருந்து கெட்டுப்போன நெஞ்சோடு வந்து படுத்து இறந்தான். லிண்டெல்வா கல்யாணம் ஆகாமல் அங்கேயே தங்கிவிட்டாள். நோசகேலேயின் மகன் லொயிசோ கேப் டவுனில் லாரி ஓட்டினான். மலைச்சரிவு வீட்டில் மிஞ்சியது இரண்டு பெண்களும் ஆறு ஆடுகளும்தான்.

முதலில் உப்புதான் காட்டிக்கொடுத்தது. சோளமும் பீன்ஸும் வேகிற பானையில் நோசகேலே இரண்டு தரம் உப்புப் போட்டாள். பிறகு ஸ்டவ்வை எரியவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். ஒரு நாள் கடைக்குப் போனவளை டாக்ஸிக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். பாலத்தருகே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

லொயிசோ போனில் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றான். நான்காவது மாடியில், ஜன்னலுக்குக் கம்பி போட்ட அறையில் அவள் என்ன செய்வாள் என்று லிண்டெல்வா சண்டை போட்டாள். கடைசியில் கிளினிக் சிஸ்டர் சொல்வதைக் கேட்பது என்று முடிவாயிற்று. புத்தி தெளிவாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் அம்மா இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் டிசம்பரில் வந்து கூட்டிப்போவேன் என்றான்.

சிஸ்டர் இளம் பெண். பன்னிரண்டு படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கோழி, கத்தி, மண்வெட்டி, பஸ் என்று நோசகேலே சொல்லிக்கொண்டே வந்தாள். மழைப் படம் வந்ததும் நின்றாள். கண் மேலே போய் வந்தது.

"தொட்டிய நிரப்புறவர்" என்றாள்.

சிஸ்டர் தப்பு போடப் பேனாவைச் சாய்த்தார். லிண்டெல்வா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் அப்பா பெயரைச் சொன்னாள். சிஸ்டர் கையால் வாயை மூடிச் சிரித்தார். "நான் டவுன்ல வளர்ந்தவம்மா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி மார்க்கைக் கொடுத்தார்.

காகிதம் நவம்பர் கடைசியில் இன்னொரு தரம் பார்த்த பிறகுதான், அதுவரை வீட்டிலேயே தலைக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். லிண்டெல்வா அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். பீன்ஸில் கல் பொறுக்குவது இடது கையால். நேற்று என்ன சமைத்தோம் என்று இரவிலிருந்து காலை வரை பின்னோக்கிச் சொல்ல வேண்டும். பாதையில் போகிறவர் யார், எந்தக் குலம், யாரைக் கட்டினவர் என்று சொல்ல வேண்டும். தப்பினால் லிண்டெல்வா அதட்டுவாள். "போலீஸ்ல சேர வேண்டியவ நீ, இந்த வீட்டுல வந்து பிறந்துட்ட" என்பாள் நோசகேலே.

எல்லாப் பயிற்சிக்கும் மேலே அந்தப் பழைய விளையாட்டு இருந்தது. தூறல் விழுந்தால் லிண்டெல்வா கேட்பாள். "சோளத்துக்குப் பால் குடுக்கிறவ" என்று பதில் வரும். சாப்பிட்டோமா இல்லையா என்றே தெரியாத நாட்களிலும் அந்தப் பதில் வந்தது. அது வருகிற வரை அண்ணி எங்கேயும் போய்விடவில்லை என்று லிண்டெல்வா நிம்மதியாகத் தூங்கினாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழுந்தது. நோசகேலே குடிசையிலிருந்து ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"மழை! மழை வருது!"

லிண்டெல்வா வாளியோடு நின்றாள். தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "என்ன வருது அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மழைதான். கண்ணு தெரியலையா உனக்கு? போய் எங்கம்மாகிட்ட சொல்லு, விறகு நனையுது."

சொல்லிவிட்டு மாட்டுப்பட்டியின் நடுவே நடந்து போனாள். மருமகள்கள் சுற்றிப்போகிற இடம் அது.

வாய் தவறியிருக்கும் என்று நினைத்து லிண்டெல்வா அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் ஒன்பது நாள் மழை பெய்தது. ஒன்பது நாளும் நோசகேலே அந்தச் சொல்லைச் சொன்னாள், கண்ணை மேலே உயர்த்தாமல். ஸ்டவ் பக்கம் போகவிடாமல் லிண்டெல்வா வாசலிலேயே படுத்தாள்.

மாதக் கடைசியில் மறுபடி கிளினிக். போகும் வழியில் ஆற்றுப் பாலம் வந்ததும் நோசகேலே டாக்ஸியின் கதவைத் திறக்கப் பார்த்தாள். அக்கரையில்தான் அவள் பிறந்த வீடு இருந்தது. அங்கே இப்போது யாரும் இல்லை.

சிஸ்டர் படங்களைக் காட்டினார். நோசகேலே பள்ளிப் பிள்ளை மாதிரி பட்பட்டென்று சொன்னாள். மழை என்பதையும் சொன்னாள். பன்னிரண்டும் சரி.

"போன தடவை நின்னு யோசிச்சாங்க. இப்ப அதுவும் இல்ல. நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்று சிஸ்டர் லிண்டெல்வாவைப் பார்த்துச் சிரித்தார். மகனுக்குக் காட்ட வேண்டிய காகிதத்தை எழுதத் தொடங்கினார்.

பேசாமல் இருந்தால் போதும். காகிதத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடலாம். லிண்டெல்வா தன் மடியில் இருந்த கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள்.

"சிஸ்டர், அந்த ஒண்ண அடிச்சிடுங்க."

"எத?"

"மழைய."

"சரியாத்தானேம்மா சொன்னாங்க?"

"எங்க வீட்டு மருமக அதச் சொல்ல மாட்டா, சிஸ்டர்."

பேனா நின்றது. சிஸ்டர் நோசகேலேயைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியே யாரையோ பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் மார்க்கை அடிக்கவில்லை. எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்து, நிறைய நேரம் எழுதினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து லிண்டெல்வா கேப் டவுனுக்குப் போன் போட்டாள். இன்னொரு கையால் அண்ணியின் சால்வை முனையைப் பிடித்திருந்தாள்.

"எத்தன மார்க் அத்தை?" என்றான் லொயிசோ.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு. டிசம்பர் வரைக்கும் காத்திருக்காத. வந்து கூட்டிட்டுப் போ."

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டான். அவள் மறுபடி அதையே சொன்னாள்.